பெற்றோல் வரிசையும் ஒரு புரதமும்

எங்கட பீடத்தில் 'மொழிபெயர்ப்பு' என்றால் ஒரு அர்த்தம்தான். ஒரு பக்கம் மூலமொழி, மற்றப் பக்கம் இலக்குமொழி, நடுவில அகராதியோட முழிச்சுக்கொண்டிருக்கிற ஒரு ஆள். அதே சொல்லை பயோ படிக்கிற பிள்ளைகளும் பாவிக்கிறார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பு உடம்பின் கலங்களுக்குள் நடக்கிறது. மூலம், நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட தூது ஆர்.என்.ஏ. இலக்கு, இருபது வகை அமினோ அமிலங்களைக் கோர்த்துச் செய்யும் புரதம். மொழிபெயர்ப்பாளர், ரைபோசோம். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம். இப்படிச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நாங்கள் ஒப்படை கொடுத்தால் சிவப்புப் பேனைக் கோடுதான் விழும். கலத்துக்குள் அதுதான் சரியான முறை.

ஆர்ட்ஸ் பிள்ளைக்கு இது ஏன் என்று கேட்பீர்கள். எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்கா போன வருடம் ஒரு அறிக்கையைக் கொண்டுவந்து தந்தார். "பிள்ளை, நீ கம்பஸில மொழிபெயர்ப்புத்தானே படிக்கிறாய், இதைத் தமிழில எழுதித் தா" என்றார். அவருடைய மகனின் பரம்பரையலகுப் பரிசோதனை அறிக்கை அது. இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். வைத்தியர் ஏற்கெனவே விளக்கியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அக்காவுக்குக் கேட்டது "மருந்து இல்லை" என்ற ஒன்று மட்டும்தான். மிச்சத்தைத் தன் மொழியில், தன் வீட்டில், ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்று நினைத்தார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த பெயர் ஈஐஎஃப்2பி5. அதை விரித்தால் வருவது, மொழிபெயர்ப்பின் தொடக்கக் காரணி. என்னுடைய பாடத்தின் பெயரே ஒரு நோயறிக்கையின் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை, பயோ சயன்ஸ் படிக்கிற என்ர அறைத்தோழியின் புத்தகங்களோடுதான் இருந்தேன்.

தொடக்கத்துக்கு ஏன் தனியாக ஒரு புரதம் வேண்டும்? தூது ஆர்.என்.ஏயில் சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. 'மரம்படம்கடல்' என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று எழுத்தாக வெட்டினால் மரம், படம், கடல். ஒரு எழுத்துத் தள்ளித் தொடங்கினால் ரம்ப, டம்க, டல். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் குப்பைதான். ஆகவே எங்கே தொடங்குவது என்பதில் கலம் அவ்வளவு கவனம் எடுக்கிறது. ரைபோசோமின் சின்னப் பாதி தூதின் தலைப்பக்கத்தில் ஏறி, எழுத்துகளைத் தடவிக்கொண்டே போய், ஏ.யு.ஜி. என்ற மூன்றெழுத்து வந்ததும் நிற்கும். மர்லின் கோசக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978இல் முன்வைத்த விளக்கம் இது. அந்த இடத்தில் பொருந்துகிற முதலாவது அமினோ அமிலம் மெதியோனின். அனேகமான புரதங்களில் வேலை முடிந்ததும் அந்த முதல் மெதியோனினை வெட்டி எறிந்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு கதை. கட்டுரையின் முதல் வசனத்தைக் கடைசியில் அழிக்கிற பழக்கம் எனக்கும் உண்டு.

அந்த முதல் மெதியோனினைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் ஈஐஎஃப்2. இது மூன்று துண்டு சேர்ந்த ஒரு புரதம்: அல்பா, பீற்றா, காமா. காமா நடுவில் நிற்கும். மற்ற இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் காமாவைத் தனித்தனியாகப் பிடித்திருக்கும். மெதியோனினைச் சுமக்கிற ஆர்.என்.ஏயையும், வேலைக்குத் தேவையான எரிபொருளையும் பிடித்துவைத்திருப்பது காமா. எரிபொருளின் பெயர் ஜீ.ரி.பி. ஏ.யு.ஜி. சரியாகப் பொருந்தியது என்று உறுதியானதும் ஜீ.ரி.பி. வெட்டுப்பட்டு ஜீ.டி.பி. ஆகும். ஈஐஎஃப்2 கழன்று போகும், ரைபோசோமின் பெரிய பாதி வந்து மூடும், மொழிபெயர்ப்பு ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு எங்களைப் போன்ற உயிரிகளில் ஒரு செக்கனுக்கு ஐந்தாறு அமினோ அமிலம் என்ற வேகத்தில் போகும். (ஜீ.டி.பி. என்றவுடன் எனக்கு ஏஎல் பொருளியல்தான் ஞாபகம் வந்தது. அங்கே அது கூடினால் சந்தோஷப்படுவார்கள். இங்கே அது வெறுந் தாங்கி.)

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. கழன்று போன ஈஐஎஃப்2 அந்தப் பழைய ஜீ.டி.பியைத் தானாக இலேசில் விடாது. அதைப் பிடுங்கி எடுத்து, புதிய ஜீ.ரி.பி. ஏறுவதற்கு வழிவிட இன்னொரு புரதம் வேண்டும். அதுதான் ஈஐஎஃப்2பி. பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், வேலை முற்றிலும் வேறு. ஐந்து வகைத் துண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு, மொத்தம் பத்துத் துண்டு சேர்ந்த பெரிய பொறி அது. கலத்தில் ஈஐஎஃப்2 நிறைய இருக்கும், ஈஐஎஃப்2பி குறைவாகத்தான் இருக்கும்.

இதை வாசித்துக்கொண்டு வரும்போதே எனக்கு 2022 ஞாபகம் வந்துவிட்டது. வேறு என்ன ஞாபகம் வரும்? ஊர் முழுக்க வாகனம், பெற்றோல் செட் ஒன்றோ இரண்டோ. ஒரு ஓட்டம் ஓடினால் தாங்கி வெறுமை. திரும்ப வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஈஐஎஃப்2 ஒவ்வொன்றும் ஒரு ஓட்டோ. ஈஐஎஃப்2பி பெற்றோல் பம்பி. ஒரு புரதத்தைத் தொடங்கிவைப்பது ஒரு ஓட்டம்.

இந்த வரிசையைக் கலம் வேண்டுமென்றே மறிப்பதும் உண்டு. கலத்துக்குக் கஷ்டகாலம் வந்தால் புதுப் புரதம் செய்து சக்தியைச் செலவழிக்கிறது புத்தியில்லை. அதைக் கண்டுபிடிக்க நான்கு நொதியங்கள் காவலுக்கு நிற்கின்றன. ஒன்று அமினோ அமிலப் பஞ்சத்தைப் பார்க்கும், ஒன்று வைரஸ் புகுந்ததைப் பார்க்கும், ஒன்று புரதங்கள் சரியாக மடிபடாமல் குவிவதைப் பார்க்கும், ஒன்று குருதிக் கலங்களில் ஹீம் குறைவதைப் பார்க்கும். எது கண்டாலும் செய்கிற வேலை ஒன்றுதான். ஈஐஎஃப்2இன் அல்பாத் துண்டில் 51ஆவது இடத்தில் இருக்கிற செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பொஸ்பேற்றை ஒட்டிவிடும். அவ்வளவுதான். அப்படி ஒட்டுப்பட்ட ஈஐஎஃப்2 பம்பியடிக்கு வந்தால் பெற்றோலும் அடிக்காது, விலகியும் போகாது. பம்பிக்கு முன்னாலேயே நின்றுவிடும். எல்லா ஓட்டோவையும் நிறுத்தத் தேவையில்லை. பம்பிகள் குறைவு என்றபடியால் கொஞ்சத்தை அப்படி நிறுத்தினாலே ஊர் முழுக்க ஓட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்திலும் அம்புலன்ஸ் மாதிரிச் சில தூதுகள் மட்டும் வழமையை விடக் கூட மொழிபெயர்க்கப்படும். நெருக்கடியைச் சமாளிக்கத் தேவையான புரதங்கள் அவை. நிலைமை சீரானதும் பொஸ்பேற்றுக் கழற்றப்படும், வரிசை நகரும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், மொழிபெயர்ப்பைக் கலம் நடுவழியில் வைத்துப் பெரிதாக மறிப்பதில்லை என்பது. தொடக்கத்தில்தான் மறிக்கிறது. அரைகுறைப் புரதம் ஒன்றைச் செய்துவிட்டு எறிவதை விட, தொடங்காமல் விடுவது மலிவு.

இப்போது அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். நான்கு வயது. ஒரு வயதிலேயே நடந்தவன், ஒழுங்கையில் எங்களோடு கிரிக்கெட் பந்து பொறுக்க ஓடித் திரிந்தவன். ஒருநாள் படியில் வழுக்கி விழுந்து தலையின் பின்பக்கம் அடிபட்டது. பெரிய காயமில்லை, சத்தி கூட எடுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் நடை தள்ளாடத் தொடங்கியது. பிறகு ஒரு காய்ச்சல். காய்ச்சலோடு எழும்பவே முடியாமல் போனது. கொஞ்சம் தேறினான், ஆனால் பழைய மாதிரி வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் வெண்பகுதி அங்கங்கே கரைந்து திரவம் நிறைந்திருப்பது தெரிந்தது.

இந்த நோயை நெதர்லாந்தின் மார்யோ வான் டெர் க்னாப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1997இல் விவரித்து, மறைந்துபோகும் வெண்பகுதி என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். 2001இல் காரணம் தெரிந்தது. ஈஐஎஃப்2பியின் ஐந்து துண்டுகளுக்குரிய ஐந்து பரம்பரையலகுகளில் ஏதாவது ஒன்று, தாயிடமிருந்து வந்த பிரதியிலும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியிலும், இரண்டிலுமே மாறியிருந்தால் இது வரும். ஒரு பிரதி சரியாக இருந்தால் போதும், ஆள் சுகமாக இருப்பார். கனடாவின் கிறீ பழங்குடி மக்களிடையே இதன் கடுமையான வடிவம் ஒன்று உண்டு. அங்கேயும் காரணம் ஈஐஎஃப்2பி5தான்.

பம்பி உடைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. முழுதாக உடைந்திருந்தால் பிள்ளை பிறந்தே இருக்காது. பம்பி மெதுவாக அடிக்கிறது. சாதாரண நாளில் வரிசை நீண்டாலும் எப்படியோ நகரும். காய்ச்சலோ அடியோ வந்து கலம் சில ஓட்டோக்களைப் பம்பியடியில் நிறுத்தினால், மற்றவர்களுக்குச் சமாளிக்கக்கூடிய அந்த நெரிசல் இந்தப் பிள்ளைகளுக்குச் சமாளிக்க முடியாததாகிவிடும். மூளையின் வெண்பகுதியில் இருக்கிற நட்சத்திர வடிவக் கலங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. அவை சரியாக முதிராமல் நின்றுவிட, அவற்றை நம்பி நரம்பிழைகளுக்கு உறை சுற்றுகிற கலங்களும் கெட்டுப்போகின்றன.

எதனால் திடீரென்று கூடும் என்று மருத்துவ நூல்கள் தருகிற பட்டியலில் மூன்று விஷயம் இருக்கும். காய்ச்சல், தலையில் படும் சின்ன அடி, மூன்றாவது, திடீர்ப் பயம். மூன்றாவதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஏனென்றால் அந்த வீட்டில் ஆச்சி முதல் நாளிலிருந்தே "பெடியன் பயந்துபோட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா. நூல் கட்டினா, விபூதி போட்டா, தண்ணி ஓதிக் கொடுத்தா. பக்கத்திலேயே இன்னொரு வசனமும் சொன்னா. "தாய் ஒழுங்காப் பார்த்திருந்தா பிள்ளை படியில விழுந்திருக்குமே?" ஒரு வருடமாக அக்கா அந்த வசனத்தோடுதான் சீவிக்கிறார்.

ஆகவே என்ர பிரச்சினை இப்போது அறிவியல் இல்லை. அறிக்கையோடு இணைத்திருந்த குறிப்பில் 'தலையில் சிறு அடி' என்று தெளிவாக இருக்கிறது. அதை உள்ளபடி தமிழில் எழுதினால் ஆச்சியின் குற்றச்சாட்டுக்கு ஒரு ஆய்வுகூட முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எழுதாமல் விட்டால் அது மொழிபெயர்ப்பே இல்லை, அதோடு அக்கா பிள்ளையை இனி எதிலிருந்து காக்க வேண்டும் என்பதும் தெரியாமல் போகும். 'மூலத்தில் இருப்பதைக் கூட்டாதே, குறைக்காதே' என்று எங்களுக்கு முதலாம் வருடத்திலிருந்து சொல்லித்தருகிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் இந்த விறாந்தையில் இருந்து எழுதவில்லை.

சொற்களும் லேசில் விடவில்லை. எங்கட பாடப்புத்தகத் தமிழில் பரம்பரையலகு மாறுவதற்கு 'விகாரம்' என்று பெயர். பரீட்சைத் தாளில் அது ஒரு கலைச்சொல். ஒரு தாயின் கையில் கொடுக்கிற தாளில் 'உங்கள் பிள்ளையில் விகாரம் காணப்படுகிறது' என்று எழுதிப் பாருங்கள். நான் 'எழுத்து மாற்றம்' என்று போட்டேன். 'ஓரினநுக' என்று இன்னொன்று. ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேரில் நுகத்தடி இருக்கிறது, அதை அப்படியே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். வேரை இவ்வளவு மதித்த அந்தப் பழைய ஆட்களில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அக்காவுக்கு மாடும் இல்லை, நுகமும் இல்லை. 'இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம்' என்று எழுதினேன். 'பின்னிடைவு' என்பதை 'ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது' என்று நீட்டினேன். ஒரே ஒரு சொல் மட்டும் எடுத்த எடுப்பிலேயே சரியாக விழுந்தது. நோயில்லாமல் மாற்றத்தைச் சுமப்பவருக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கிற பெயர் 'காவி'. மூட்டையைக் காவிக்கொண்டு போறது, பிள்ளையைக் காவிக்கொண்டு திரியிறது என்று நாங்கள் தினம் சொல்கிற சொல். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் போன்றவர்களின் ஊரில், இந்தச் சண்டை இன்னமும் ஒவ்வொரு சொல்லாகத்தான் நடக்கிறது.

கடைசியில் இரண்டு தாள் செய்தேன். முதல் தாள் அறிக்கையின் மொழிபெயர்ப்பு, ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது தாளின் மேலே 'இது அறிக்கையில் இல்லை, விளங்கப்படுத்த நான் எழுதியது, அடுத்த கிளினிக்கில் டொக்டரிட்ட காட்டுங்கோ' என்று எழுதினேன். அதில் பெற்றோல் வரிசை இருந்தது.

மருந்தைப் பற்றியும் ஒரு பந்தி வைத்தேன், ஏனென்றால் அண்ணை, அக்காவின் புருஷன், அதைத்தான் முதலில் கேட்பார் என்று தெரியும். கலிபோர்னியாவில் பீற்றர் வோல்ற்றரின் ஆய்வுகூடம் 2013இல் இஸ்ரிப் என்ற ஒரு சின்ன மூலக்கூறைப் பற்றி எழுதியது. பொஸ்பேற்று ஒட்டுப்பட்ட நேரத்திலும் மொழிபெயர்ப்பை ஓடவிடுகிறது அது. கொடுக்கப்பட்ட எலிகளின் ஞாபகசக்தியும் கூடியது. 2018இல் அதன் இடத்தைப் படமாகவே பார்த்தார்கள். ஈஐஎஃப்2பியின் இரண்டு பாதியும் சேருகிற நடுப்பகுதியில், தாள்களைச் சேர்த்துக் குத்துகிற ஸ்டேப்ளர் ஊசி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதே வழியில் வேலை செய்கிற வேறொரு மூலக்கூறு இந்த நோயுள்ள எலிகளில் வெண்பகுதி கெடுவதைத் தடுத்தது என்று 2019இல் வந்தது. எலிகளில். அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டேன். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குச் செய்யக்கூடியது காய்ச்சலை உடனே குறைப்பது, தொற்று வராமல் பார்ப்பது, தலையில் அடிபடாமல் பார்ப்பது, வைத்தியர் சொல்கிற பயிற்சிகள்.

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருந்து வாசித்துக் காட்டினேன். பெற்றோல் வரிசை வந்ததும் அண்ணை எழும்பி உட்கார்ந்தார். அவர் ஓட்டோ ஓடுகிறவர். 2022இல் இரண்டு இரவு வரிசையில் படுத்தவர். "பம்பி ஸ்லோ. அதான் கதை. என்ன?" என்றார். ஓம் என்றேன். அக்கா கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப அவன் விழாட்டி வந்திருக்காதோ?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வீட்டிலேயே பதில் எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருந்தேன். "விழுந்ததால அண்டைக்கு வெளியில வந்தது அக்கா. விழாட்டி அடுத்த காய்ச்சலோட வந்திருக்கும். பம்பி அவன் உங்கட வயித்தில இருக்கேக்கையே ஸ்லோதான். விழாத பிள்ளை எண்டு ஒண்டு உலகத்தில இல்லை. எல்லாரும் விழுறவைதான், மற்றப் பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகிறதில்லை."

ஆச்சி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. "ரெண்டு பக்கத்தாலயும் வரோணும் எண்டு சொன்னியே, அதென்ன?" என்றா. நான் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினேன். அண்ணையும் அக்காவும் மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்தவர்கள். ஆச்சி அக்காவுக்கு மாமியார் மட்டுமில்லை, தகப்பனின் கூடப்பிறந்த தங்கச்சியும். சொந்தத்தில் செய்யாதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்று முதலில் சொன்னேன். இரண்டு காவிகள் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றும் சொன்னேன். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசித்தால் முதலில் வைத்தியரோடு கதைக்கச் சொன்னேன். ஒரே மாற்றம் இரண்டு பிரதியிலும் இருப்பதால் அது அனேகமாக ஒரே இடத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்து இறங்கியிருக்கும். ஒரு கோடு அக்காவின் ஐயா வழியாக. மற்றக் கோட்டை வரையும்போது என்ர கை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது, ஏனென்றால் அது ஆச்சியின் வழியாக.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. இரண்டு கோடும் மேலே சேருகிற இடத்தில் நான் இரண்டு வட்டம் போட்டிருந்தேன், பெயர் எழுதவில்லை. அதில் விரலை வைத்தா.

"இது எங்கட ஐயாவோ, அம்மாவோ?"

"ஆரெண்டு சொல்லேலாது ஆச்சி. ரெண்டு பேரில ஒராள்."

"அவை ஒரு வருத்தமும் இல்லாமல் எண்பது வயசு வரை இருந்தவை."

"ஓம் ஆச்சி. காவினவை, அவ்வளவுதான்."

ஆச்சி விரலை எடுக்கவில்லை. பிறகு அக்காவைப் பார்க்காமலே, "பெடியன் முழிக்கிற நேரம், நான் தூக்குறன், நீ தேத்தண்ணியக் குடி" என்றுவிட்டு உள்ளே போனா.